கண்டி வியாபாரமும் நாணயமும்

கண்டி மாநகரின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் தலதா மாளிகையையும், ஏரியையும், எசல பெரஹரவையும், கடைசி அரசனின் வீழ்ச்சியையும் விரித்துரைத்து, அத்துடன் தம் கடமை நிறைவெய்தியதாகக் கொண்டனர். அந்நகரின் வீதிகளிலும், அதைச் சூழ்ந்த கம்பளை, மாத்தளை, நாவலப்பிட்டி, அக்குறணை முதலிய ஊர்களிலும் சிறு கடை வைத்து, படிப்படியாகப் பெருவர்த்தகராய் உயர்ந்த மாந்தரின் வரலாறு அரண்மனை வரலாற்றுக்குச் சற்றும் குறைந்ததன்று. இவர்களுட் பலர் கைநிறையப் பொருள் கொண்டு மலையேறியவர் அல்லர். ஒருவன் இன்னொருவனை அறிந்திருந்தான்; அறிந்தவன் அவனுக்காக ஒரு வார்த்தை சொன்னான்; சொன்னவன் அவசியம் நேர்ந்தபோது அவனுக்குப் பிணையும் நின்றான். இந்த மூன்று படிகளின் மீதே கண்டியின் சில்லறை வியாபாரம் எழுந்தது. அது எவ்வாறு எழுந்தது, எங்கே தளர்ந்தது என்பதை ஆராய்வது இன்று தொழில் தொடங்குவோருக்கும் பயன் தருவதாகும்.

1766-ஆம் ஆண்டில் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் ஒல்லாந்தருடன் செய்துகொள்ள நேர்ந்த உடன்படிக்கையினால் கண்டி ராஜ்யம் தன் கடற்கரை முழுவதையும் இழந்தது. உப்பும் கருவாடும் துணியும் அந்நியர் வசமிருந்த கரையோரத்திலிருந்து வரவேண்டியிருந்தன. மலைநாட்டுப் பாக்கோ அதே கரையோரத்துக்கு இறங்கவேண்டியிருந்தது. இந்தப் போக்குவரத்தை நடத்தியவை தவளம் எனப்பட்ட பொதிமாட்டுக் கூட்டங்கள். அரசனுடைய நிர்வாகத்தில் மடிகே பத்த என்று இதற்கெனவே ஒரு பகுதி இருந்தது. அதில் ஊழியம் செய்தவர்களுள் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். முதுகின் இருபுறமும் மூட்டை தொங்க, ஒன்றன்பின் ஒன்றாகக் கணவாய்களின் ஒற்றையடிப் பாதையில் ஏறிவந்த அந்த மாடுகளை ஓட்டியவர்கள், வழியிலுள்ள ஒவ்வொரு கிராமத்திலும் யாரிடம் பாக்கு உண்டு, யாருக்கு உப்பு வேண்டும், யாருடைய வாக்கை நம்பலாம் என்பதை மனத்தில் எழுதி வைத்திருந்தார்கள். இன்று பாக்கைக் கொடுத்துவிட்டு, அடுத்த தவளம் வரும்வரை உப்புக்குக் காத்திருந்த குடியானவனுக்கும் தவளக்காரனுக்கும் இடையே நின்ற சாசனம் முகப்பரிச்சயம் ஒன்றே.

1815 மார்ச் 2-ஆம் திகதி கையெழுத்தான ஒப்பந்தத்தினால் ராஜ்யம் ஆங்கிலேயர் வசமாயிற்று. தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பிலிருந்து கண்டிக்கு வண்டிப்பாதை வெட்டப்பட்டது. கம்பளைக்கு அருகே சிங்கபிட்டியில் ஜார்ஜ் பேர்ட் என்பவர் கோப்பித் தோட்டம் தொடங்கினார். 1867-இல் ரயில் கண்டியை அடைந்தது. 1874-இல் நாவலப்பிட்டிக்கும், 1880-இல் மாத்தளைக்கும், 1885-இல் நானுஓயாவுக்கும் சென்றது. 1869-இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபோது, ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 1867-இலேயே நட்டிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பயிர் மாறிற்றேயன்றி, தமிழகத்திலிருந்து மன்னார் வழியாகவும் மாத்தளை வழியாகவும் கால்நடையாக வந்துசேர்ந்த தொழிலாளருக்கு அரிசி வேண்டும் என்பதும், அவர்களைத் திரட்டி அழைத்துவரும் கங்காணிக்கு முன்பணம் வேண்டும் என்பதும் மாறவில்லை. இவ்விரு தேவைகளையும் நிறைவேற்ற முன்வந்தவர்களுள் தலைமையானவர்கள் செட்டியார்கள் எனவும் அழைக்கப்பட்ட நாட்டுக்கோட்டை நகரத்தார்.

காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் அவற்றைச் சூழ்ந்த ஊர்களிலும் குடிகொண்டிருந்த இந்தச் சமூகத்தார், கொழும்புச் செட்டியார் தெருவைத் தலைமையிடமாகக் கொண்டு, கண்டி முதலிய மலைநாட்டு நகரங்களுக்கும் கிளை பரப்பினார்கள். இவர்களுடைய தொழில் முறையைச் சற்று அருகே நின்று நோக்குவது தகும். பையன் ஒருவன் சிறு வயதிலேயே பெட்டியடிக்கு வருவான். பேரேடும் குறிப்பேடும் எழுதக் கற்று, அடுத்தாளாக உயர்ந்து, தகுதி கண்டபின் மேலாளாவான். சம்பளச் சீட்டு எழுதி மூன்றாண்டுத் தவணைக்கு அயலூர் செல்லும் அந்த மேலாள், ஊரிலுள்ள முதலாளிக்குத் தவறாமல் கடிதமும் கணக்கும் அனுப்புவான். தவணை முடிந்ததும் ஐந்தொகை எடுத்துக் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவான். அவன் வேலை செய்யும் இடமாகிய கிட்டங்கி நீண்டதொரு கூடம். அதில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு பாய், ஒரு சாய்வான கணக்குப் பெட்டி, ஓர் இரும்புப் பெட்டகம் என்ற அளவே இடம். பக்கத்துப் பாயில் இருப்பவன் போட்டிக்காரன். எனினும் அவனே உறவினன், அவனே சாட்சி, மாலைக்குள் பணம் குறைந்தால் கைமாற்றுக் கொடுப்பவனும் அவனே. கடன் கேட்டு வந்தவன் எத்தகையவன் என்பதை அறிய வேறெங்கும் போகவேண்டியதில்லை. கூடத்தின் மறுகோடிக்குக் குரல் கொடுத்தால் போதும்.

இவ்வுறவு வெறும் பழக்கத்தின் மேல் நிற்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். பெயரின் முன்னெழுத்துகளால் ஆகிய விலாசம் ஒவ்வொரு கடைக்கும் இருந்தது. அந்த விலாசத்தில் எழுதிய உண்டியல் சென்னையிலும் இரங்கூனிலும் செல்லுபடியாயிற்று. நகரத்தார் கூடித் தொழில் செய்த பெருநகரங்களில் அவர்கள் கோயிலில் ஒன்றுசேர்ந்து நடப்பு வட்டியை நிர்ணயித்துக்கொள்ளும் சம்பிரதாயம் இருந்தது. வியாபாரத்தின் மீது மகமை எடுத்துக் கோயிலையும் தருமத்தையும் நடத்தினார்கள். செட்டியார் தெருவிலிருந்து ஆண்டுதோறும் புறப்படும் ஆடிவேல் விழாவும், நாவலப்பிட்டியில் கதிரேசன் பெயரைத் தாங்கி நிற்கும் கல்லூரியும் முருகனிடத்து இவர்கள் கொண்ட பக்தி இத்தீவில் எவ்வளவு ஆழமாக வேரூன்றிற்று என்பதைக் காட்டும். வாக்குத் தவறியவன் சட்டத்துக்கு அஞ்சியதைவிடக் கோயில் முன்றிலில் தலைநிமிர்ந்து நிற்க முடியாமற் போவதற்கே அதிகம் அஞ்சினான். பரஸ்பர விசுவாசம் என்பது கணக்காலும், தவணையாலும், சபையாலும் காக்கப்பட்ட ஓர் ஒழுங்கே ஆகும்.

செட்டியார்கள் கடன் கொடுத்த பணத்தின் பெரும்பகுதி ஆங்கில வங்கிகளிலிருந்து வந்தது. ஆனால் அவ்வங்கிகளின் துரைமாருக்கு உள்ளூர் வியாபாரிகளின் தராதரம் தெரியாது. ஆகவே சிறாப்பர் எனப்பட்ட வங்கியின் உள்ளூர் இடையாளர், இன்னார் நம்பத்தக்கவர் என்று அறிமுகம் செய்து, அதற்குத் தாமே பொறுப்பும் ஏற்றார். அவர் சொற்படி, இரண்டு கையொப்பமிட்ட வாக்குறுதிச் சீட்டின் பேரில் செட்டியார் வங்கியிலிருந்து பணம் பெற்றார். அந்தப் பணம் அரிசி மூட்டையாகவோ கடனாகவோ கண்டிக் கடைக்காரரிடம் இறங்கிற்று. அவரிடமிருந்து புசல்லாவையிலோ நாவலப்பிட்டியிலோ தோட்டத்தை அண்டிக் கடை வைத்திருந்த சிறு வியாபாரிக்குப் போயிற்று. அவன் பற்று எழுதிக்கொண்டு தொழிலாளிக்கு அரிசியும் உப்பும் மிளகாயும் அளந்தான். சம்பள நாள் வந்ததும் அதே வழியில் பணம் மேலே ஏறிற்று. கையில் நூறு ரூபாய்கூட இல்லாத ஒருவன் கடை திறக்க முடிந்தது இந்த ஏணியினால்தான்.

இந்த ஏணியின் அடிப்படியில் நின்றவனுடைய நிலையை மறைத்தால் சரித்திரம் பொய்த்துவிடும். தொழிலாளியின் கடனைத் துண்டு என்ற சீட்டில் எழுதி, அக்கடனைக் கட்டுகிற தோட்டத்துக்குக் கங்காணியும் அவனுடைய ஆட்களும் மாறிப்போகும் வழக்கம் நெடுங்காலம் நிலவிற்று. தோட்டம் மாறமாறக் கடன் வளர்ந்ததேயன்றிக் குறையவில்லை. வியாபாரிக்கு வளர்ச்சியளித்த அதே தொடர்பு தொழிலாளிக்குத் தளையாயிற்று. 1921-ஆம் ஆண்டுச் சட்டம் இம்முறையை ஒழித்தது.

வேறொரு பலவீனமும் இருந்தது. மூலதனத்தின் பெரும்பகுதிக்குச் செட்டியார்கள் ஆங்கில வங்கிகளையே நம்பியிருந்தார்கள். 1925-இல் ஒரு பெரிய கடை நொடித்ததும் வங்கிகள் அஞ்சித் தம் கையை இழுத்துக்கொண்டன. செட்டியார்கள் தாம் கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்க நேர்ந்தது. அடுத்து 1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தினால் ஈடு வைத்த நிலங்கள் பல அவர்கள் கைக்கு மாறின; மனக்கசப்பும் அதனுடன் வளர்ந்தது. 1934-இல் வெளிவந்த வங்கி ஆணைக்குழு அறிக்கையை அடுத்து 1939-இல் இலங்கை வங்கி பிறந்தது. 1941-இல் அது கண்டியிலும் கிளை திறந்தது. 1948-இல் இயற்றப்பட்ட பிரஜாவுரிமைச் சட்டமும் குடிவரவுச் சட்டமும் இந்திய வர்த்தகரின் போக்குவரத்தைக் கட்டுப்படுத்திய பின்னர், கிட்டங்கிகள் மெல்ல மெல்ல வெறுமையாயின.

கிட்டங்கிகள் வெறுமையானாலும் நம்பிக்கையின் மேல் நின்ற வியாபார உறவு அற்றுப்போகவில்லை. சீட்டுக் கட்டும் வழக்கம் எல்லாச் சமூகத்தாரிடையேயும் பரவியிருந்தது. 1935-இல் அதற்கெனத் தனிச்சட்டமே இயற்றவேண்டிய அளவுக்கு அது வலுப்பெற்றது. தவளம் ஓட்டிய மரபினர் வாழும் அக்குறணை, கண்டி – மாத்தளைப் பாதையில் இன்றும் வியாபாரத்துக்குப் பேர்பெற்ற ஊர். இலங்கையின் பல நகரங்களில் அக்குறணையார் நடத்தும் கடைகளைக் காணலாம்.

இவ்வளவு சிறப்பாக வளர்ந்த வியாபாரம் பலமுறை தீக்கிரையாயிற்று என்பதையும் மறத்தலாகாது. 1915 மே மாத இறுதியில் வெசாக் காலத்தில் கண்டியில் மூண்ட கலகம் பல மாகாணங்களுக்குப் பரவி, முஸ்லிம்களின் கடைகளைச் சூறையாடிற்று. 1983 ஜூலையில் கண்டியிலும் தமிழர் கடைகள் எரிந்தன. 2018 மார்ச்சில் திகணையிலும் தெல்தெனியாவிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. இழந்தவர்கள் மீது இதற்குக் குற்றம் சாட்டுவது பெரும் அநியாயம். எரித்தவனே குற்றவாளி, காக்கத் தவறிய அரசும் அக்குற்றத்தில் பங்காளி. ஆயினும் தன் இனத்துக்குள்ளும் தன் ஊருக்குள்ளும் மட்டும் சுற்றிவரும் பிணைப்பு, ஆபத்து வேளையில் அடுத்த வீட்டுக்காரனைத் துணைக்கு அழைக்கும் வலிமையற்றது என்ற பாடத்தை நாம் ஏற்றே தீரவேண்டும்.

ஆதலின் கண்டியில் இன்று சிறுதொழில் தொடங்கும் இளைஞருக்கு இந்தச் சரித்திரம் உரைப்பது இதுவே. கணக்கைத் துலக்கமாக வையுங்கள். நீங்கள் பரிந்துரைத்தவனுக்கு நீங்களே பொறுப்பு என்று கருதுங்கள். புதிதாக வந்த பையனுக்குத் தொழிலைக் கற்றுக்கொடுங்கள். ஒரே வங்கியையோ ஒரே மொத்த வியாபாரியையோ நம்பி நிற்காதீர்கள். இவற்றுள் முதல் மூன்றையும் நம் முன்னோர் செவ்வையாக அறிந்திருந்தார்கள்; கடைசியானதை நட்டப்பட்டே கற்றார்கள். அவர்கள் செய்யாமல் விட்டது ஒன்று உண்டு: தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒருவருக்கொருவர் பிணை நிற்கும் வர்த்தக உறவு. அதை ஏற்படுத்துவது உங்கள் கடமை.