எலும்புச் சீரமைப்பு உயிரிப்பொருள்கள்

விபத்து, நோய், கட்டி அகற்றும் அறுவை ஆகியவற்றால் எலும்பில் விழும் இடைவெளியை நிரப்பி, அங்கே புது எலும்பு வளர இடம் கொடுக்கும் பொருள்கள். செராமிக், கண்ணாடி, உலோகம், கொலாஜன் ஆகியவை இதில் அடங்கும். இவற்றில் நோயாளியின் செல்களை ஏற்றி வளர்ப்பது திசுப் பொறியியல்.

முறிந்த எலும்பு பெரும்பாலும் தானாகவே கூடிவிடும். திருவண்ணாமலைப் பக்கத்தில் கை கால் முறிந்தால் ஆந்திரத்துப் புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டு வருவது நெடுநாள் வழக்கம். மூங்கில் பத்தையும் முட்டை வெள்ளையும் பச்சிலையும் சேர்ந்த அந்தக் கட்டும் ஆஸ்பத்திரி மாவுக்கட்டும் செய்கிற முக்கிய வேலை ஒன்றுதான்: முனைகளை அசையாமல் பிடித்துவைப்பது. துவையலுக்கு அரைக்கும் பிரண்டைக்கு எலும்பைக் கூட்டும் குணம் உண்டா என்று காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் கே. என். உடுப்பா 1960களில் ஆராய்ந்தார். ஆனால் எலும்பிலேயே சில சென்டிமீட்டர் காணாமல் போய்விட்டால் கட்டும் பிரண்டையும் போதா.

அந்த இடைவெளியை நிரப்ப முதலில் கைக்கொண்டது எலும்பையேதான். ரஷ்யப் படைவீரர் ஒருவரின் மண்டையோட்டில் நாயின் எலும்பு பொருத்தப்பட்டதாக டச்சு மருத்துவர் வான் மீக்கெரன் 1668இல் வெளியான நூலில் சொல்கிறார். 1880 வாக்கில் கிளாஸ்கோவில் வில்லியம் மெக்கீவன் மனித எலும்பையே ஒரு சிறுவனின் மேற்கையில் வைத்து வென்றார். 1892இல் டிரீஸ்மன் பாரிஸ் சாந்தால் குழிகளை நிரப்பினார். பிறகு நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து வெட்டியெடுத்து வைப்பதே வழக்கமாயிற்று. அதற்கு இரண்டாவது காயம் என்ற விலை உண்டு. எடுக்கக் கிடைப்பதும் கொஞ்சமே.

திருப்பம் 1960களில் வந்தது. கனிமம் நீக்கிய எலும்பை விலங்கின் தசைக்குள் வைத்தால் அங்கேயும் எலும்பு முளைக்கிறது என்று 1965இல் மார்ஷல் யூரிஸ்ட் காட்டினார். எலும்புக்குள் எலும்பை வரவழைக்கும் புரதம் இருக்கிறது என்ற எண்ணம் இதில் பிறந்தது. வியட்நாமிலிருந்து திரும்பிய ராணுவ அதிகாரி ஒருவர் பஸ் பயணத்தில் கேட்ட கேள்வி, லாரி ஹென்ச்சை எலும்போடு ஒட்டும் கண்ணாடியைத் தேட வைத்தது; 1969இல் அது கிடைத்தது. உடல் ஒதுக்கிவிடாத பொருள் போதும் என்றிருந்த துறை, எலும்போடு பிணையும் பொருளைக் கேட்கத் தொடங்கியது.

எலும்பின் கனிமத்தை ஒத்த ஹைட்ராக்சிஅபடைட்டில் இந்திய ஆய்வுகள் பல நடந்தன. சென்னை ஐ.ஐ.டி.யில் டி. எஸ். சம்பத்குமார் குழுவினர் முட்டை ஓட்டிலிருந்து அதைத் தயாரித்து 2007இல் வெளியிட்டார்கள். கட்டுக்குப் போன முட்டையின் மிச்சமும் வீணாகவில்லை! திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தார் செராமிக் பூசிய ஹைட்ராக்சிஅபடைட்டில் ஆட்டின் சொந்தச் செல்களை ஏற்றி, அதன் தொடையெலும்பு இடைவெளியைச் சீர்செய்து 2009இல் பதிவு செய்தார்கள். மனிதரில் இதே வழியை இத்தாலியக் குழு ஒன்று மூன்று நோயாளிகளிடம் முயன்று 2001இலேயே அறிவித்திருந்தது.

திருவண்ணாமலைக்கு வடக்கே, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 2005 முதல் தண்டுச்செல் ஆய்வு மையம் இயங்குகிறது. நிரப்பும் பொருள் இல்லாமல் செல்களை மட்டும் பயன்படுத்தும் முயற்சியும் உண்டு: பிறவியிலேயே எலும்பு நொறுங்கும் குழந்தைகளுக்குத் தண்டுச்செல் செலுத்தும் ஆய்வை ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தோடு சேர்ந்து இக்கல்லூரி மேற்கொண்டது.

பெரிய இடைவெளிகளில் இன்னும் தடையாக நிற்பது ரத்த ஓட்டம். நுண்குழாயிலிருந்து மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விலகிய செல் பெரும்பாலும் பிழைப்பதில்லை. நிரப்பும் பொருளின் நடுவே ஏற்றிய செல்கள் குழாய்கள் வந்து சேருமுன் மடிந்துவிடுகின்றன. அறுவை அரங்கில் இடுப்பெலும்புக்கு இன்றும் முதலிடம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். செராமிக் குறுணைகள் அதனோடு கலந்து அளவைக் கூட்டப் பயன்படுகின்றன.