‘ஒயின் ஷாப்’பில் இல்லாத ஒயின் கதை: பாட்டிலில் ஊர் பெயர் எதற்கு? பட்டுக்கோட்டை தென்னைக்கு அந்தப் பெயர் கிடைக்குமா?

பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கி "ஒயின் ஷாப் எங்க இருக்கு?" என்று கேட்டால் யாரும் வழி சொல்லிவிடுவார்கள். அந்தக் கடையில் பிராந்தி இருக்கும், ரம் இருக்கும், பீர் இருக்கும். ஒயின்தான் தேடிப் பார்க்க வேண்டிய சரக்கு. தமிழ்நாட்டில் மதுக்கடைக்கே ‘ஒயின் ஷாப்’ என்று பேர் நிலைத்துவிட்டது. ஆனால் ஒயின் என்றால் என்ன, அதை ஏன் உலகம் முழுக்க ஊர் பேர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள் என்பது இங்கே பலருக்குத் தெரியாது.

குடிக்காதவருக்கு இது எதற்கு என்று தோன்றலாம். ஒரு பழச்சாறு எப்படி ஊர் பேரை வைத்தே விலை போகிறது என்பது, தென்னந்தோப்பு வைத்திருக்கிற டெல்டா விவசாயிக்கும் தெரிய வேண்டிய கணக்கு. அதனால்தான் இந்த விளக்கம்.

ஒயின் என்றால் என்ன?

திராட்சையை நசுக்கிப் புளிக்க வைத்தால் ஒயின். பழத்தில் இருக்கும் சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. தோலோடு சேர்த்துப் புளிக்க வைத்தால் சிவப்பு ஒயின், தோலை நீக்கிவிட்டுச் சாற்றை மட்டும் புளிக்க வைத்தால் வெள்ளை ஒயின். காய்ச்சி வடிப்பது கிடையாது. அதனால் ஆல்கஹால் அளவு பொதுவாக 11 முதல் 14 சதவீதம் வரைதான். டாஸ்மாக்கில் விற்கும் பிராந்தி, விஸ்கி பாட்டில்களில் 42.8 சதவீதம் என்று அச்சடித்திருக்கும். இதிலிருந்தே தெரியும், ஒயின் ஒரே மடக்கில் ஊற்றிக்கொள்ளும் சரக்கு இல்லை. சாப்பாட்டோடு வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பது.

அளவாகக் குடித்தால் ஒயின் இதயத்துக்கு நல்லது என்ற பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். மதுவில் ‘பாதுகாப்பான அளவு’ என்று எதுவுமே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதில் ஒயினுக்கும் விலக்கு இல்லை. தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மது விற்கவே கூடாது.

ஊருக்கு ஊர் ருசி மாறுவது எப்படி?

வெற்றிலை போடுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கும்பகோணம் வெற்றிலைக்கும் சோழவந்தான் வெற்றிலைக்கும் உள்ள வித்தியாசத்தை வாயில் போட்டதுமே சொல்லிவிடுவார்கள். தண்ணி, மண், வெயில், கொடி வளர்த்த கை என்று எல்லாம் சேர்ந்து இலையில் இறங்குகிறது. திராட்சைக்கும் இதே கதைதான்.

குளிர் ஊரில் பழம் மெதுவாகப் பழுக்கும். புளிப்பு தங்கும், சர்க்கரை குறைவாக ஏறும். ஜெர்மனியில் மோசெல் ஆற்றங்கரையின் செங்குத்தான பலகைப்பாறைச் சரிவுகளில் விளையும் ரீஸ்லிங் திராட்சை ஒயின் எலுமிச்சைச் சாறு மாதிரி சுள்ளென்று இருப்பது இதனால்தான். வெயில் ஊரில் சர்க்கரை எகிறும், ஒயின் கனமாகும். பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கில் ‘சிரா’ என்கிற திராட்சைதான் ஆஸ்திரேலியாவின் பரோசாவில் ‘ஷிராஸ்’. ரகம் ஒன்றுதான். ஆனால் ரோனில் மிளகு வாசனை தூக்கும், பரோசாவில் பழ ஜாம் மாதிரி இனிப்பு வாசம் வரும். தெரியாதவரிடம் கொடுத்தால் இரண்டும் வேறு வேறு பழம் என்று சத்தியம் செய்வார்.

மண்ணும் முக்கியம். தண்ணி தேங்குகிற இடம் திராட்சைக் கொடிக்கு ஆகாது, வடிகிற சரளை மண் வேண்டும். காற்றில் ஈரம் அதிகமானால் பூஞ்சை பிடிக்கும். டெல்டாவில் திராட்சைத் தோட்டம் கண்ணில் படாததற்கு இதுவே காரணம்.

நம் பக்கம் என்றால் தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கைச் சொல்லலாம். அங்கே விளையும் பன்னீர் திராட்சை, ‘மஸ்கட் ஹாம்பர்க்’ என்ற ஐரோப்பிய ரகம். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தது என்று சொல்லப்படுகிறது. 2023-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தியாவில் ஒயினுக்கே பேர் வாங்கிய ஊர் மகாராஷ்டிராவின் நாசிக். ஐரோப்பாவில் செப்டம்பர் வாக்கில் அறுவடை, நாசிக்கில் ஜனவரி முதல் மார்ச் வரை. இங்கே மழைக்காலத்தில் பழம் விட்டால் அழுகிவிடும் என்பதால், செப்டம்பரில் கொடியை வெட்டிவிட்டு, பனிக்காலத்தில் பழுக்க விடுகிறார்கள்.

இன்னொரு ஊரைச் சொல்லாமல் விட முடியாது. ஜார்ஜியா. சுமார் 8,000 ஆண்டுகளாக ஒயின் செய்யும் நாடு. நம்ம ஊர் தாழி மாதிரி பெரிய மண்பானையைக் கழுத்து வரை மண்ணில் புதைத்து, தோல், விதையோடு திராட்சையைப் போட்டு மாதக்கணக்கில் மூடிவைக்கிறார்கள். பானைக்கு ‘குவெவ்ரி’ என்று பேர். 2013-ல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் இந்த முறை சேர்ந்தது.

ருசி பார்ப்பது எப்படி?

சினிமாவில் கோட் போட்ட ஆள் கிளாஸைச் சுழற்றி மோந்து பார்ப்பது பந்தா இல்லை. சுழற்றினால் காற்றுப் பட்டு வாசனை மேலே வரும். நாம் ‘ருசி’ என்று சொல்வதில் பெரும்பங்கு மூக்கு செய்கிற வேலை. சளி பிடித்தால் ரசமே சப்பென்று இருக்கிறது, இல்லையா?

வாயில் வைத்ததும் நாலு விஷயத்தைக் கவனித்தால் போதும். நாக்கின் ஓரத்தில் எச்சில் ஊறினால் புளிப்பு. நாவல் பழமோ பாக்கோ மென்ற மாதிரி வாய் இழுத்துப் பிடித்தால் துவர்ப்பு, இது சிவப்பு ஒயினில் திராட்சைத் தோலிலிருந்து வருவது. தொண்டையில் சூடு தெரிந்தால் ஆல்கஹால். விழுங்கிய பிறகு ருசி எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது நாலாவது. நல்லது எது என்பதை விலை மட்டும் சொல்லிவிடாது. இரண்டு ஊர் ஒயினைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் நாக்கு பழகும்.

குடிப்பழக்கம் இல்லாதவர்களும் இதைச் செய்து பார்க்கலாம். பொள்ளாச்சி இளநீரையும் பட்டுக்கோட்டை இளநீரையும் கண்ணை மூடிக்கொண்டு குடித்துப் பாருங்கள். உப்புக்கரிப்பு எதில், இனிப்பு எதில் என்று சொல்ல முடிகிறதா?

ஊர் பேருக்காக நடந்த கலவரம்

‘ஷாம்பெயின்’ என்பது நுரைக்கும் ஒயினுக்கான பொதுப்பெயர் இல்லை, அது பிரான்சில் ஒரு பகுதியின் பேர். அந்தப் பேர் சும்மா கிடைத்ததும் இல்லை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ‘பில்லாக்சரா’ என்ற சின்னப் பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களின் வேரைத் தின்று தீர்த்தது. அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் மீண்டார்கள். ஷாம்பெயின் பகுதியில் 1907 முதல் 1910 வரை விளைச்சலும் மோசம். அந்த நேரம் பார்த்துச் சில வியாபாரிகள் லுவார் போன்ற வெளியூர்களிலிருந்து மலிவாக இறக்கி, ஷாம்பெயின் என்று பேர் ஒட்டி விற்றார்கள். 1911 ஜனவரியில் விவசாயிகள் திரண்டார்கள். வெளியூர்ச் சரக்கு வந்த வண்டிகளை மறித்து மார்ன் ஆற்றில் தள்ளினார்கள், வியாபாரிகளின் கிடங்குகளை உடைத்தார்கள். ஏப்ரலில் ‘ஆய்’ என்ற ஊரே எரிந்தது. ராணுவம் வந்தது.

எந்த ஊர் பேரை எந்த ஒயினில் போடலாம், எந்த ரகம், எவ்வளவு மகசூல் வரை என்று தேசம் முழுமைக்கும் சட்டம் வந்தது 1935-ல். போர்ச்சுகல் தன் டோரோ பள்ளத்தாக்குக்கு 1756-லேயே எல்லை போட்டுவிட்டது. இப்போது பாட்டிலில் இருக்கும் ஊர் பேர், கடையில் நிற்பவருக்கு ருசியின் அடையாளம். விளைவித்தவருக்கு அதுதான் விலை.

நமக்கு இது புதுசா?

புதுசே இல்லை. புறநானூற்றின் 56ஆம் பாட்டு, யவனர் கொண்டுவந்த மதுவைப் பொற்கிண்ணத்தில் பெண்கள் ஏந்தித் தர, பாண்டியன் நன்மாறன் குடிப்பதைப் பேசுகிறது. பாடியவர் நக்கீரர். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-ல் மார்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் ரோமானிய காலத்து மது ஜாடிகளின் துண்டுகள் கிடைத்தன. கிரேக்கத் தீவான கோஸ் பாணி ஜாடிகளும் அவற்றில் உண்டு.

உள்ளூர்ச் சரக்கும் சளைத்தது இல்லை. நெல்லிலிருந்து செய்த கள்ளுக்குத் ‘தோப்பி’ என்று தனிப்பேர். மூங்கில் குழாயில் முதிர வைத்தது ‘தேறல்’. இரண்டும் சங்க இலக்கியத்தில் வருகின்றன. ஒரு பானத்துக்குப் பத்துப் பேர் வைத்திருந்த மொழியில், இன்று எல்லாமே ‘சரக்கு’.

கள், பதநீர், நீரா: என்ன வித்தியாசம்?

பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் திராட்சை இல்லை, தென்னை இருக்கிறது. தென்னையின் விரியாத பாளையைச் சீவினால் சொட்டும் சாறு இனிக்கும். வெறும் பானையில் விட்டால் காற்றிலும் பானையிலும் இருக்கும் ஈஸ்ட் சில மணி நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடும். காலையில் இறக்கியது மதியத்துக்குள் கள், அடுத்த நாள் புளித்துக் காடி. பனையில் பானைக்குள் சுண்ணாம்பு தடவிப் பிடித்தால் புளிக்காது, அது பதநீர். சுண்ணாம்பு இல்லாமல், குளிர வைத்தே புளிக்காமல் பிடிப்பது நீரா. காசர்கோட்டில் இருக்கும் மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் பாளையிலேயே ஐஸ் பெட்டி மாட்டிச் சாறு பிடிக்கும் முறையைக் கொண்டுவந்து, அந்தச் சாற்றுக்குக் ‘கல்பரசா’ என்று பேரும் வைத்தது.

சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்கடை கிடையாது. அப்போது சாராயக் கடைகளும் சேர்ந்தே மூடப்பட்டன. சாராயம் நடுவில் கொஞ்ச காலம் வந்து போனது. கள் திரும்பி வரவே இல்லை. கேரளத்தில் கள்ளுக்கு லைசென்ஸ் உண்டு, புதுச்சேரியிலும் உண்டு. டெல்டாவுக்குள்ளேயே இருக்கும் காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது. நாகப்பட்டினம் மாவட்ட எல்லையைத் தாண்டினால் அதே மரத்தின் அதே சாறு சட்டப்படி சரி.

தடை வேண்டும் என்பவர்கள் சொல்வது, கள்ளில் மயக்க மருந்து கலப்பார்கள், கண்காணிக்க முடியாது என்று. தடை வேண்டாம் என்பவர்கள் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றதைக் காட்டி, தடையால் எதைத் தடுத்தீர்கள் என்று கேட்கிறார்கள். கலப்படப் பயம் நியாயமானதுதான். ஆனால் அதே பயம் ஷாம்பெயினில் ஊர் பேருக்கும் விதிமுறைக்கும் கொண்டுபோய் விட்டது, இங்கே பூட்டுக்குக் கொண்டுபோய் விட்டது.

கஜாவுக்குப் பிறகு

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையைக் கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. திராட்சைக் கொடி நட்டால் மூன்றாம் வருஷம் பழம் பார்க்கலாம். நெட்டைத் தென்னை காய்க்கவே ஐந்து முதல் ஏழு வருஷம் ஆகும். அப்போது நட்ட கன்றுகள் இப்போதுதான் பலன் தரத் தொடங்குகின்றன. பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் வேப்பங்குளத்தில் தென்னை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. வி.எச்.சி. ஒட்டு ரகங்களில் இருக்கும் ‘வி’ அந்த வேப்பங்குளம்தான்.

ஆனால் காய் லாரி ஏறி காங்கேயம் போனால், கொப்பரையாகி எண்ணெயாகி வெளியே வரும்போது பட்டுக்கோட்டை பேர் எங்கேயும் இருக்காது.

வேறு ஊர்கள் என்ன செய்தன? கோவா முந்திரிப் பழத்திலிருந்து வடிக்கும் ஃபெனிக்கு 2009-ல் புவிசார் குறியீடு வாங்கியது. இலங்கை தென்னங்கள்ளைக் காய்ச்சி வடித்த சாராயத்தைத் தன் நாட்டு அடையாளமாகவே ஏற்றுமதி செய்கிறது. மது பக்கமே போகாமல் தூத்துக்குடி மாவட்டம் உடன்குடி, பதநீரைக் காய்ச்சிய கருப்பட்டிக்குக் குறியீடு வாங்கிவிட்டது.

பட்டுக்கோட்டையில் இன்றைக்குச் சட்டப்படி திறந்திருக்கும் வழி நீரா. 2017-ல் தமிழ்நாடு அரசு விதிகளைத் திருத்தி, லைசென்ஸ் வாங்கித் தென்னையிலிருந்து நீரா இறக்கி விற்க அனுமதித்தது. நீராவைக் காய்ச்சினால் தென்னைச் சர்க்கரை. சிக்கல் என்னவென்றால் மரம் ஏறிப் பாளை சீவ ஆள் வேண்டும், இறக்கியதிலிருந்து பாட்டில் வரைக்கும் குளிர் விட்டுப்போகக் கூடாது. தனி விவசாயிக்கு இது கட்டுப்படியாகாது.

குறியீட்டுக்கும் தனி ஆளாக விண்ணப்பிக்க முடியாது. உற்பத்தியாளர் சங்கமோ அமைப்போதான் போட வேண்டும். இந்த மண்ணில், இந்தத் தண்ணியில் விளைந்ததற்கு மட்டும் உள்ள குணம் என்ன என்று காட்ட வேண்டும், எல்லை வரைபடம் கொடுக்க வேண்டும். கிடைத்தால் 10 ஆண்டுக்குச் செல்லும், புதுப்பித்துக்கொள்ளலாம். நாடு முழுமைக்குமான புவிசார் குறியீட்டுப் பதிவகம் டெல்லியில் இல்லை, சென்னை கிண்டியில்தான் இருக்கிறது.