உரிமமில்லா மென்பொருளும் பாதுகாப்புக் கேடும்: ஒரு வரலாற்று நோக்கு

திருட்டு மென்பொருள் என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் மூன்று வகை உண்டு. காசு கொடுத்து வாங்கிய நிரலை அப்படியே நகலெடுத்துப் பலருக்குக் கொடுப்பது முதல் வகை. ஒருவருக்குரிய உரிம எண்ணை ஊருக்கெல்லாம் பகிர்வது இரண்டாவது. நிரலுக்குள் உரிமத்தைச் சோதிக்கும் பகுதியைத் தேடிப்பிடித்து, அதை மாற்றி எழுதியோ ஏமாற்றியோ பூட்டை உடைப்பது மூன்றாவது. கிராக், கீஜென், ஆக்டிவேட்டர் என்ற பெயர்களில் கிடைப்பவை இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தவை. சட்டத்தின் முன் மூன்றும் பதிப்புரிமை மீறலே. பாதுகாப்பு நோக்கில் பார்த்தால் வேறுபாடு பெரிது. முதலிரண்டில், நிரலை உருவாக்கியவர் எழுதியதுதான் கணினிக்குள் வருகிறது. மூன்றாவதில் முகமறியாத இன்னொருவர் கைவைத்தது வருகிறது. கடந்த நாற்பது ஆண்டுகளில் திருட்டு மென்பொருள் முதலிரண்டு வகைகளிலிருந்து மூன்றாவதை நோக்கி நகர்ந்தது. நகலைத் தருபவர் தெரிந்தவராக இருந்த நிலையும் அதோடு மாறியது. பாதுகாப்புக் கேட்டின் வரலாறு பெரும்பாலும் இந்த நகர்வின் வரலாறுதான்.

தொடக்கத்தில் இது வெறும் பணத் தகராறு. 1976 பிப்ரவரியில் பில் கேட்ஸ் கணினி ஆர்வலர்களுக்கு ஒரு வெளிப்படையான கடிதம் எழுதினார். ஆல்டேர் கணினிக்காக அவரும் நண்பர்களும் எழுதிய பேசிக் மொழி நிரலைப் பெரும்பாலோர் காசு தராமல் நகலெடுத்துக்கொண்டார்கள் என்பது அவருடைய குறை. அன்று நகல் என்பது துளையிட்ட காகித நாடா. கணினிச் சங்கக் கூட்டத்தில் ஒருவர் இன்னொருவருக்குக் கையோடு கொடுப்பார். அந்த நாடாவால் வாங்கியவருக்கு ஆபத்து எதுவும் இல்லை.

ஆபத்து பிளாப்பியோடு வந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ரிச் ஸ்க்ரென்டா என்ற பதினைந்து வயதுப் பள்ளி மாணவர் 1982-இல் ஆப்பிள் II கணினிக்காக 'எல்க் குளோனர்' என்ற வைரஸை எழுதினார். அதன் பின்னணி இந்த ஆய்வுக்கு நேரடியாகப் பொருந்துவது. நண்பர்களிடையே விளையாட்டுகளை நகலெடுத்துப் பகிர்வது வழக்கம். ஸ்க்ரென்டா தாம் தரும் பிளாப்பிகளில் குறும்பாக எதையாவது மாற்றிவைத்தே கொடுப்பார். நாளடைவில் நண்பர்கள் அவர் கை பட்ட பிளாப்பியை வாங்கவே மறுத்தார்கள். தாம் தொடாமலேயே ஒரு பிளாப்பியிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகப் பரவும் நிரலை அவர் எழுதியது அதற்குப் பிறகுதான். தீங்கு பெரிதில்லை, ஐம்பதாவது முறை கணினியைத் தொடங்கும்போது திரையில் ஒரு சிறு பாட்டு வரும், அவ்வளவே. ஆனால் நகல் பரிமாற்றமே தொற்றின் பாதையாகும் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

நான்காண்டு கழித்து லாகூரில் நடந்தது விசித்திரமானது. பாசித் ஃபாரூக் ஆல்வி, அம்ஜத் ஃபாரூக் ஆல்வி என்ற சகோதரர்கள் 1986-இல் 'பிரெய்ன்' வைரஸை வெளியிட்டார்கள். ஐபிஎம் பிசிக்கான முதல் வைரஸாகப் பலரும் குறிப்பிடுவது இதுவே. பிளாப்பியின் தொடக்கப் பகுதியான பூட் செக்டரில் அது குடியேறும். அதற்குள் அவர்களுடைய கடையின் பெயரும் முகவரியும் தொலைபேசி எண்களும் எழுதப்பட்டிருந்தன. தொற்றை நீக்கத் தங்களைத் தொடர்புகொள்ளும்படி கேட்டிருந்தார்கள். தாங்கள் உருவாக்கிய மருத்துவ நிரலைத் திருட்டு நகலிலிருந்து காக்கவே இதைச் செய்ததாகச் சகோதரர்கள் விளக்கினார்கள். திருடனைப் பிடிக்க வைத்த கண்ணி என்றே வைத்துக்கொண்டாலும், அது யார் காலில் மாட்டும் என்பதைக் கண்ணி வைத்தவரால் தீர்மானிக்க முடியவில்லை. நகல் போன இடமெல்லாம் வைரஸும் போய், கடல் கடந்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வரை சென்றது. முகவரியோடு வந்த வைரஸ் என்ற வகையில் அதற்குப் பின்வந்தவை எதுவும் இவ்வளவு நேர்மையாக இருந்ததில்லை.

தொண்ணூறுகளில் சிடி வந்தது; நண்பரின் இடத்தைக் கடைக்காரர் பிடித்தார். சென்னையின் பர்மா பஜார் போன்ற சந்தைகளில் விற்ற சிடிக்களின் உறைமேல் மார்க்கர் பேனாவால் சீரியல் எண் எழுதியிருக்கும், அல்லது உள்ளே ஒரு சிறு உரைக்கோப்பில் இருக்கும். உதிரிப் பாகங்களை வாங்கிக் கணினி சேர்த்துத் தருபவர், இயங்குதளத்தையும் ஆபிஸ் தொகுப்பையும் தமிழ் எழுத்துருக்களோடு பேஜ்மேக்கரையும் 'ஃப்ரீயாகப் போட்டுத் தருவது' வணிக வழக்கமாகவே இருந்தது. தமிழ்நாட்டின் டிடிபி நிலையங்கள் பலவும் அப்படித்தான் வளர்ந்தன. இங்கே நம்பிக்கை முற்றிலும் அறுந்துவிடவில்லை. கோளாறு என்றால் போய்க் கேட்க ஒரு கடை இருந்தது. ஆனால் அந்த சிடியின் மூலப்படி எங்கிருந்து வந்தது என்பது கடைக்காரருக்கும் தெரியாது.

அந்த அறியாமையின் விலையை 'சிஐஎச்' வைரஸ் காட்டியது. தைவானில் சென் இங்-ஹௌ என்ற கல்லூரி மாணவர் எழுதிய இது, 1998-இல் திருட்டு மென்பொருள் வெளியிடும் கும்பல்கள் சிலவற்றின் கணினிகளில் தொற்றியது. அவர்கள் அறியாமலேயே அவர்களுடைய புதிய வெளியீடுகள் உலகெங்கும் அதைச் சுமந்து சென்றன. பரப்பியவரும் ஏமாந்தவரே என்பது கவனிக்கத்தக்கது. 1999 ஏப்ரல் 26 அன்று அது விழித்தது. வன்வட்டின் முதல் பகுதியை வெறும் பூஜ்யங்களால் நிரப்பியதோடு, சில தாய்ப்பலகைகளில் பயாஸ் சில்லில் இருந்ததையும் அழித்தது. பயாஸ் அழிந்த கணினியை இயக்கவே முடியாது. சில்லை மாற்ற வேண்டும். தென்கொரியாவிலும் துருக்கியிலும் இழப்பு கடுமையாக இருந்தது. செர்னோபில் அணு உலை விபத்தின் ஆண்டுநிறைவும் அதே நாளில் வந்ததால் வைரஸுக்கு அந்தப் பெயரும் ஒட்டிக்கொண்டது.

இதுவரை சொன்னவை நகலோடு சேர்ந்து வந்த தொற்று. இரண்டாயிரத்துக்குப் பின் இன்னொரு கேடு தலைதூக்கியது: நகல் தூய்மையாகவே இருந்தாலும், அதற்கு அப்டேட் போய்ச் சேராதது. இதற்கு 2008 அக்டோபரின் ஒரே வாரம் நல்ல சான்று. 20ஆம் தேதி மைக்ரோசாப்ட் சீனாவில் ஒரு நடவடிக்கையைத் தொடங்கியது. உரிமம் இல்லாத விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளில் மணிக்கொருமுறை திரைப் பின்னணி கறுப்பாக மாறும். சீனாவில் பெருங்கூச்சல் எழுந்தது. தானியங்கி அப்டேட்டை அணைத்துவிட்டால் தொல்லையில்லை என்ற யோசனை வாய்வழியே பரவியது. 23ஆம் தேதி அதே நிறுவனம், வழக்கமான கால அட்டவணைக்கு வெளியே, எம்எஸ்08-067 என்ற அவசரப் பாதுகாப்புத் திருத்தத்தை வெளியிட்டது. நவம்பரில் அந்த ஓட்டையைப் பயன்படுத்திக் 'கான்ஃபிக்கர்' புழு கிளம்பியது. தொற்றிய கணினிகளைப் பற்றி 2009 ஜனவரியில் எஃப்-செக்யூர் நிறுவனம் தந்த கணிப்பு 90 லட்சத்தை ஒட்டியிருந்தது. முக்கியமான பாதுகாப்புத் திருத்தங்களை உரிமமில்லாத கணினிகளுக்கும் தருவதே மைக்ரோசாப்டின் கொள்கையாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கதவு திறந்தே இருந்தது. பிடிபடும் அச்சத்தில் பயனர்கள்தான் உட்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்கள். விற்பவரின் பங்கும் இதில் இல்லாமல் இல்லை. பாதுகாப்பு வரும் வழியிலேயே காவல்காரனையும் அனுப்பினால் மக்கள் அந்த வழியை அடைக்கத்தான் செய்வார்கள்.

இணைய வேகம் கூடியதும், பயனர்கள் தமக்குள் கோப்புகளைப் பகிரும் டோரண்ட் முறை கடைக்காரரையும் அகற்றியது. நகலைத் தருபவருக்கு இப்போது பெயரோ முகவரியோ இல்லை. 2009 ஜனவரியில் ஆப்பிளின் ஐவொர்க் 09 தொகுப்பின் திருட்டுப் பதிப்பில் 'ஐசர்வீசஸ்' என்ற ட்ரோஜன் (நல்ல நிரலின் வேடத்தில் வரும் தீநிரல்) ஒளிந்திருந்ததை இன்டெகோ நிறுவனம் கண்டறிந்தது; அதற்குள் குறைந்தது 20,000 பேர் அதைப் பதிவிறக்கியிருந்தார்கள். மேக் கணினிக்கு வைரஸ் வராது என்ற நம்பிக்கை பரவலாக இருந்த காலம் அது. ஐசர்வீசஸுக்கு எந்த ஓட்டையும் தேவைப்படவில்லை. நிறுவும்போது நிர்வாகிக் கடவுச்சொல்லைக் கேட்டது; பயனர் தட்டச்சு செய்து கொடுத்தார்.

கிராக்கின் அமைப்பையே இங்கே சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பதிவிறக்கிய கோப்புறையைத் திறந்தால் நிறுவும் நிரல், கிராக் என்ற துணைக்கோப்புறை, ஒரு குறிப்புக் கோப்பு ஆகியவை இருக்கும். குறிப்பில் வழக்கமாகச் சொல்லியிருப்பது இதுதான்: முதலில் ஆன்டிவைரஸை அணைக்கவும், இணைய இணைப்பைத் துண்டிக்கவும், கிராக்கை நிர்வாகி உரிமையில் இயக்கவும், எச்சரிக்கை வந்தால் அது பொய் எச்சரிக்கை, பொருட்படுத்த வேண்டாம். இதில் ஓரளவு உண்மையும் உண்டு. இன்னொரு நிரலின் உள்ளே புகுந்து அதைத் திருத்துவது என்பது கிராக்குக்கும் வைரஸுக்கும் பொதுவான நடத்தை. ஆகவே தீங்கற்ற கிராக்கைக் கண்டாலும் ஆன்டிவைரஸ் கத்தும். சிக்கலும் அதுவே. உண்மையான எச்சரிக்கையையும் பொய்யானதையும் பிரித்தறிய பயனரிடம் எந்த வழியும் மிஞ்சுவதில்லை. தாக்குபவர் கடக்க வேண்டிய தடைகள் அனைத்தையும் வீட்டுக்காரரே அகற்றி வைத்துவிடுகிறார்.

வாங்கும்போதே தொற்றோடு வந்த கணினிகளும் உண்டு. 2011-இல் மைக்ரோசாப்ட் ஆய்வாளர்கள் சீனாவின் பல நகரங்களில் 20 புதிய கணினிகளை வாங்கிச் சோதித்தார்கள். போலி விண்டோஸ் நிறுவப்பட்ட அவற்றில் நான்கில் தீநிரல் இருந்தது. அந்தத் தீநிரல்களுள் ஒன்று 'நிட்டோல்'. 2012 செப்டம்பரில் அமெரிக்க நீதிமன்ற ஆணை பெற்று அதன் கட்டுப்பாட்டுக்குப் பயன்பட்ட இணையத்தளப் பெயரை நிறுவனம் கைப்பற்றியது. 2014-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 11 நாடுகளில் திருட்டு மென்பொருளோடு வாங்கப்பட்ட 203 கணினிகளைச் சோதித்ததில் 61 விழுக்காட்டில் தொற்று காணப்பட்டது. இந்த ஆய்வுக்குப் பின்னாலும் மைக்ரோசாப்ட் இருந்தது. மென்பொருள் விற்பவர் தரும் எண்களை ஒரு சிட்டிகை ஐயத்தோடுதான் வாசிக்க வேண்டும். ஆனால் மற்றவர்களின் கண்டுபிடிப்புகளும் அதே திசையையே காட்டுகின்றன.

2019 அளவில் வீட்டுப் பயனர்களையும் மாணவர்களையும் மிகுதியாகத் தாக்கிய ரான்சம்வேர், அதாவது பணயத் தொகை கேட்கும் தீநிரல், 'ஸ்டாப் டிஜேவு'. கிராக், கீஜென் தரும் தளங்களே அதன் முதன்மை வழி. கோப்புகளைப் பூட்டிவிட்டு ஒவ்வொரு கோப்புறையிலும் ஒரு குறிப்பை விட்டுச்செல்லும்: விலை 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் என்றால் 490 டாலர். தள்ளுபடி விலையில்கூட அது பல மென்பொருள்களின் உரிமக் கட்டணத்தை மிஞ்சும். அவ்வாண்டு அக்டோபரில் எம்சிசாஃப்ட் நிறுவனம் 148 திரிபுகளுக்கு விடுவிப்புக் கருவி வெளியிட்டது; அதற்குப் பின் வந்தவற்றில் பூட்டும் முறை வலுவாக்கப்பட்டிருந்ததால் பலருக்கு அது உதவவில்லை.

மேக் கணினிகளைத் தாக்கிய 'ஈவில்குவெஸ்ட்' 2020 ஜூன் இறுதியில் வெளிப்பட்டது. அதை முதலில் அடையாளம் காட்டியவர் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கே7 நிறுவனத்தின் ஆய்வாளர். 'லிட்டில் ஸ்னிட்ச்' என்ற நிரலின் திருட்டுப் பதிப்பில் அது இருந்தது. கணினியிலிருந்து தரவு ரகசியமாக வெளியேறுவதைக் காட்டிக்கொடுப்பதே அந்த நிரலின் வேலை; காவல் நாயையே திருடிக் கொண்டுவந்ததால் நாயோடு திருடனும் வந்தான். கேட்ட தொகை 50 டாலர்தான். ஆனால் பணம் கட்டியவர் யார் என்று தெரிவிக்க ஒரு மின்னஞ்சல் முகவரிகூட இல்லை. பணப்பறிப்பு வெறும் திரை என்பதும், கோப்புகளையும் மின்பணப்பைகளையும் திருடுவதே நோக்கம் என்பதும் பின்னர் தெரிந்தது.

கணினியை வெளிப்படையாக அழிப்பதிலிருந்து அதற்குள் மறைந்திருந்து சுரண்டுவதற்குத் தீநிரல்கள் மாறியதன் முழு வடிவம் 'கிராக்கோனோஷ்'. 2021 ஜூனில் அவாஸ்ட் நிறுவனம் இதை விவரித்தது. ஜிடிஏ 5, ஃபார் க்ரை 5 போன்ற விளையாட்டுகளின் திருட்டுப் பதிப்புகளில் வந்த இது, கணினியை 'சேஃப் மோட்' எனும் பாதுகாப்பு நிலையில் மறுதொடக்கம் செய்யவைத்து, அந்நிலையில் இயங்காதிருக்கும் ஆன்டிவைரஸை நீக்கிவிடும். விண்டோஸ் அப்டேட்டையும் நிறுத்திவிடும். பிறகு மொனேரோ என்ற மின்பணத்தைச் சத்தமில்லாமல் ஈட்டும். உலகெங்கும் 2,22,000 கணினிகள் வழியாக 20 லட்சம் டாலருக்கு மேல் ஈட்டப்பட்டதாகக் கணக்கிட்டார்கள். மிகுதியாகத் தொற்றிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று. பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவதெல்லாம் கணினி மெதுவாக ஓடுவதும் மின்கட்டணம் கூடுவதும்தான்.

ஒருவரின் கிராக் ஒரு நிறுவனத்தையே முடக்கியதற்கு, 2021 மே மாதம் சோஃபோஸ் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட அறிக்கை சான்று. ஐரோப்பாவில் உயிர்மூலக்கூறு ஆய்வு நிறுவனம் ஒன்று. கோவிட் ஆய்விலும் ஈடுபட்டிருந்தது. அதோடு இணைந்து பணியாற்றிய மாணவர் ஒருவருக்குத் தரவுகளைப் படமாக்கும் நிரல் வீட்டுக் கணினிக்குத் தேவைப்பட்டது. ஆண்டு உரிமம் பல நூறு டாலர். கிராக்கைத் தேடிப் பதிவிறக்கினார். விண்டோஸின் பாதுகாப்பு நிரல் உடனே எச்சரித்தது. அதையும் தீயரணையும் அணைத்துவிட்டு நிறுவினார். வந்தது தகவல் திருடும் நிரல். ஆய்வு நிறுவனப் பிணையத்துக்குள் நுழையும் அவருடைய கடவுச்சொல் களவுபோனது. பதின்மூன்று நாள் கழித்து அந்தக் கடவுச்சொல்லோடு யாரோ உள்ளே வந்தார்கள். மேலும் பத்து நாளில் 'ரியுக்' ரான்சம்வேர் இயக்கப்பட்டது. பேக்கப் முழுமையாக இல்லாததால் ஒரு வார ஆய்வுத் தரவு அழிந்தது. கணினிகளையும் சர்வர்களையும் அடியிலிருந்து மீளக் கட்ட வேண்டியதாயிற்று. உள்நுழைவுக்கு இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்பு இருந்திருந்தால் இந்தக் கதை பாதியில் நின்றிருக்கும். ஆகவே முழுப் பழியையும் மாணவர்மேல் போடுவது நியாயமாகாது.

இந்தியச் சட்டம் இந்தப் பொருளைப் பதிப்புரிமையின் கண்ணோடே பார்க்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994 திருத்தத்தின்வழி சேர்ந்த 63பி பிரிவு, திருட்டு நகல் என்று அறிந்தே கணினி நிரலைப் பயன்படுத்துவோருக்கு ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறையும், ரூ.50,000 முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்கிறது. ஆதாய நோக்கமோ வணிகமோ இல்லையென்றால் சிறைத் தண்டனையைத் தவிர்க்க நீதிமன்றத்துக்கு இடமுண்டு. சட்டம் கணக்கில் கொள்வது நிரலாசிரியரின் இழப்பை. பயன்படுத்தியவருக்கும் அவரால் மற்றவர்க்கும் வரும் கேடு அந்தப் பிரிவின் எல்லைக்குள் வரவில்லை.

அந்தக் கேடு இப்போது போர்க்களம் வரை சென்றிருக்கிறது. 2022 டிசம்பரில் மாண்டியன்ட் நிறுவனம், உக்ரைனியர் பயன்படுத்தும் டோரண்ட் தளம் ஒன்றில் உக்ரைன் மொழித் தொகுப்போடு வைக்கப்பட்டிருந்த விண்டோஸ் 10 நிறுவல் கோப்பைப் பற்றி எழுதியது. உரிமச் சோதனையும் தானியங்கி அப்டேட்டும் அதில் முன்கூட்டியே முடக்கப்பட்டிருந்தன. இலவசமாகப் பயன்படுத்துவோருக்கு இரண்டும் வசதி, உளவாளிக்கும் வசதி. அதை நிறுவிய கணினிகளில் அரசு அலுவலகங்களுக்குரியவை எவை என்று பார்த்து, அவற்றில் மட்டும் மேற்கொண்டு உளவு நிரல்கள் இறக்கப்பட்டன. 2025 பிப்ரவரியில் எக்லெக்டிக்ஐக்யூ நிறுவனம் ரஷ்ய ராணுவ உளவுத்துறையோடு தொடர்புடைய 'சாண்ட்வோர்ம்' குழுவைப் பற்றி வெளியிட்ட அறிக்கையும் இதே முறையைக் காட்டியது. விண்டோஸை இலவசமாகச் செயல்படுத்தித் தரும் ஆக்டிவேட்டர் திரையில் தன் வேலையைச் செய்வதுபோல் காட்டும். அதே நேரத்தில் பின்னணியில் பாதுகாப்பு நிரலுக்கு விலக்கு சேர்த்து, விசைத்தட்டல்களையும் சேமித்த கடவுச்சொற்களையும் அனுப்பும் நிரலை இறக்கும். இந்த வேலை 2023 இறுதியிலிருந்தே நடந்துவந்ததாக அந்த அறிக்கை கூறுகிறது.