மருதமடு தந்த அடைக்கலம்

சிலப்பதிகாரத்தில் அடைக்கலத்திற்கென்றே ஒரு காதை அமைந்துள்ளது. கண்ணகியையும் கோவலனையும் கவுந்தி அடிகள் ஆயர்குல மூதாட்டி மாதரியிடம் ஒப்படைக்கின்றார். மாதரி செல்வம் மிக்கவள் அல்லள்; அரண்மனையில் செல்வாக்கு உடையவளும் அல்லள். ஆயினும் கோவலன் கொலையுண்டான் எனக் கேட்டபின், தன்னை நம்பி வந்தோரைக் காக்க இயலாத துயரால் அவள் தீயில் வீழ்ந்து உயிர்விட்டாள் என்று காப்பியம் கூறும். அடைக்கலம் என்பது கூரை தருவதோடு முடிவதன்று. வந்தவர்க்குப் பொறுப்பேற்பதும் ஆகும். நம் காலத்தில், கொடும்போரின் நடுவே, ஈழத்துத் திருச்சபை அப்பொறுப்பை ஏற்ற வரலாற்றை நம் சங்க மலரில் சுருங்கக் கூற விழைகின்றேன்.

கொல்கத்தாவில் வாழும் நமக்கு அகதி என்னும் சொல் புதியதன்று. இன்று அலுவலகங்களும் மாடிவீடுகளும் நிறைந்து விளங்கும் சால்ட் லேக், 1971இல் பெரும் அகதி முகாமாய் இருந்தது. வங்கதேச விடுதலைப் போரின்போது இந்தியா வந்தடைந்தோர் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர். அவருள் பல்லாயிரவர் இங்கே கொட்டகைகளிலும், நிலத்தில் பதிக்கக் கொணர்ந்த பெருங்குழாய்களிலும் காலங்கழித்தனர். அன்னை தெரேசாவின் சகோதரியர் சமயம் பாராது அவர்களிடையே தொண்டாற்றினர். ஆனால் அன்று போர் எல்லைக்கு அப்பால் இருந்தது. குண்டு விழும் இடத்திலேயே கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பது அதனினும் அரிய செயல். அச்செயலுக்கு எடுத்துக்காட்டாய் நிற்பது மன்னார் மாவட்டத்து மருதமடுத் திருத்தலம்.

மடுவின் பிறப்பே அடைக்கலத்தில்தான். ஒல்லாந்தர் 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிக் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். மாந்தையில் வாழ்ந்த சில குடும்பத்தார், 1670ஐ ஒட்டி, அன்னை மரியின் திருவுருவத்தைச் சுமந்து காட்டினுள் புகுந்து மடுவில் குடியேறினர் என்பது வழிவழி வந்த வரலாறு. பிற்காலத்தில் தமிழரும் சிங்களரும் ஒருங்கே கூடும் திருத்தலமாய் அது வளர்ந்தது. ஆடி, ஆவணித் திருவிழாக்களுக்குப் பிற சமயத்தவரும் வருவது வழக்கம்.

1990 ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டபோது, ஊரிழந்தோர் மடுவை நோக்கி நடந்தனர். ஆலய வளாகம் ஊராயிற்று, மரநிழல் வீடாயிற்று. ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையம் அங்கே உதவி நிலையம் ஒன்றை அமைத்தது. ஒரு காலத்தில் முப்பதாயிரம் பேர் வரை அங்குத் தங்கியிருந்தனர்.

இப்பணிக்குக் குருமார் கொடுத்த விலை பெரிது. மெதடிஸ்த போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் 1984 டிசம்பரில் மன்னார்ப் பகுதியில் கொல்லப்பட்டார். வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்ரியன் 1985 ஜனவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். மட்டக்களப்பில் நெடுங்காலம் பணியாற்றிய அமெரிக்க இயேசு சபைக் குரு யூஜின் ஹீபர்ட் 1990 ஆகஸ்டில் வழிப்பயணத்தில் காணாமற் போனார்.

தென்னிலங்கையிலும் மனச்சான்று முற்றும் உறங்கிவிடவில்லை. 1983 ஜூலைக் கலவரத்தின்பின், குருநாகல் ஆங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்ரமசிங்க, தாம் சிங்களராய் இருந்தும், நடந்ததற்காகச் சிங்கள மக்கள் தமிழரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தம் திருச்சபையாரிடம் வெளிப்படையாகவே கூறினார். அவ்வாண்டு அக்டோபரில் அவர் மறைந்தார். ஒரே திருமறையைச் சேர்ந்தோர் எல்லாரும் அவர்போல் பேசினார் அல்லர் என்பதையும் வரலாறு மறைத்தல் ஆகாது.

ஆலயத்துள் புகுந்தோர் அனைவரும் பிழைத்தனர் என்றும் கூறுதற்கில்லை. 1995 ஜூலை 9ஆம் நாள் நவாலிப் புனித பேதுரு ஆலயத்தின்மீது வான்படை குண்டு வீசியதில், அங்கு ஒதுங்கியிருந்தோர் நூற்றுவர்க்கு மேல் மாண்டனர். 1999 நவம்பர் 20ஆம் நாள் மடு வளாகத்திலேயே எறிகணைகள் வீழ்ந்து நாற்பதின்மர் அளவில் உயிரிழந்தனர். போரிட்ட இரு தரப்பும் ஒன்றன்மேல் ஒன்று பழி சுமத்தின. 2008 ஏப்ரலில் போர் மடுவைச் சூழ்ந்தபோது, குருமார் அன்னையின் திருவுருவத்தை ஏந்தித் தேவன்பிட்டிக்குச் சென்றனர். ஒல்லாந்தர் காலத்தில் ஊர்விட்டு ஊர் சென்ற திருவுருவம் மீண்டும் அகதியாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில் அது மடுவுக்குத் திரும்பியது. ஆனால் வன்னி மக்களுள் பலர் திரும்பவே இல்லை.

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடியும்வரை மக்களோடு தங்கிய குருமாரும் கன்னியரும் உண்டு. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப், சரணடைந்தோருடன் தாமும் சென்றார். பின்னர் அவரைக் கண்டார் இலர்.

இந்நிலையில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆற்றிய பணி தனிச்சிறப்புடையது. 2011 ஜனவரியில், அரசு அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அவர் ஒரு கணக்கை வைத்தார். 2008 அக்டோபரில் வன்னியில் இருந்தோர் எனக் கச்சேரிப் பதிவுகள் காட்டிய தொகை 4,29,059. அரசின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர் 2,82,380. எஞ்சிய 1,46,679 பேர் என்ன ஆயினர் என்று அவர் கேட்டார். அத்தனை பேரும் இறந்தனர் என்று அவர் சொல்லவில்லை. கணக்கு வேண்டும் என்றே கேட்டார். அதற்காகப் பழிச்சொல்லும் விசாரணையும் அவரைத் தொடர்ந்தன. விடை பெறாமலே 2021 ஏப்ரல் முதல் நாள் அவர் மறைந்தார்.

திருச்சபையின் தோழமை எது என்று வினவுவார்க்கு மடு கூறும் விடை மூன்று: உடன் தங்குதல், கதவு திறத்தல், கணக்குக் கேட்டல். முதல் இரண்டும் உயிரோடு இருப்போர்க்குச் செய்யும் கடன். மூன்றாவது, குரலிழந்தோர்க்குச் செய்யும் கடன். மாதரியின் துயரம் தீயோடு முடிந்தது. இராயப்பு ஆயரின் வினாவோ இன்னும் முடியவில்லை. சால்ட் லேக்கின் வீதிகளில் மாலைப்பொழுதில் உலாவும் நம் பிள்ளைகளுக்கு, அந்நிலம் ஒருகால் யாருக்கு இடம் தந்தது என்று சொல்வோம். சொல்லும்போது மடுவின் கதையையும் சேர்த்துச் சொல்வோம்.