காளி மார்க்கும் காலி பாட்டிலும்

வணிகர் நாள் மலருக்கு ஒரு பழைய நிறுவனத்தின் வரலாறு வேண்டும் என்று குழுவினர் கேட்டபோது, நான் பட்டுத் தறியைப் பற்றி எழுதித் தருவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். குன்றத்தூர்க்காரன் தறியை விட்டால் சேக்கிழாரை எழுதுவான். இரண்டுக்கும் நம் ஊரில் வல்லவர்கள் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது நம் மளிகைக் கடைகளின் வாசலில் பெட்டிக்கு 24 என்று அடுக்கி நின்ற ஒரு பானத்தை, அதைத் தயாரிக்கும் குடும்பத்தை.

மலைக்கோயில் படி இறங்கி வந்தால் அடிவாரத்தில் கோலி சோடா குடிக்காமல் எங்கள் வீட்டார் வீடு திரும்பியதில்லை. கடைக்காரர் மரக்கட்டையைப் பாட்டில் வாயில் வைத்துக் கட்டை விரலால் ஓர் அழுத்து அழுத்துவார். கோலி உள்ளே இறங்கும் சத்தத்துக்குப் பிறகுதான் தாகமே எடுக்கும். பாட்டிலைச் சாய்க்கும்போது கோலி திரும்பி வந்து வாயை அடைக்காமலிருக்கக் கழுத்தில் இரண்டு குழி உண்டு. அந்தக் குழியில் கோலியை நிறுத்திக் குடிக்கத் தெரிந்தவன்தான் பெரியவன். 1872-இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கிய பாட்டில் அது. பிறந்த நாட்டில் அது பழம்பொருளாகிவிட்டது. நம் அடிவாரத்தில் வெகுகாலம் ஓடியது.

வெள்ளைக்காரர் ஆட்சிக் காலத்தில் சோடா அவர்கள் மேசைக்குரிய பண்டம். சென்னையில் ஸ்பென்சர் கம்பெனி அதைத் தயாரித்து விற்றுவந்தது. தெற்கே பருப்பும் மிளகாய் வற்றலும் எண்ணெயும் மூட்டை மூட்டையாகக் கைமாறிய விருதுபட்டியில் பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடார் 1916-இல் காளி மார்க் என்ற சோடாத் தொழிற்சாலையைத் தொடங்கினார். ஊருக்கு விருதுநகர் என்ற பெயர் வந்ததே 1923-இல்தான். ஊர்ப் பெயரைவிட காளி மார்க் ஏழு வயது மூத்தது என்று சொல்வது வேடிக்கையாக இருந்தாலும் கணக்கு சரிதான். எழுத்துத் தெரியாதவர்களும் வாங்கிய காலம். அம்மன் பெயரை முத்திரையாக வைத்தால் வாயால் கேட்டு வாங்க எளிது. மேலே ஒரு இங்கிலீஷ் ‘மார்க்’கும் ஒட்டிக்கொண்டது.

வாயு அடைத்த பானம் என்றால் உலகம் முதலில் நினைப்பது பிரான்சின் ஷாம்பெயினை. அங்கும் குடும்பங்கள்தான். 1776-இல் தொடங்கிய லூயி ரோடரேர், 1829-இல் தொடங்கிய பொலாஞ்சே ஆகிய இரண்டும் இன்றுவரை குடும்பத்தார் கையில் இருக்கின்றன. அவர்களுக்கு நுரை தானாக வருகிறது. பாட்டிலை மூடிய பிறகு உள்ளேயே ஈஸ்ட் இரண்டாம் முறை நொதிக்க வைத்து, வாயுவைச் சிறைப்பிடிக்கிறது. குறைந்தது 15 மாதம் நிலவறையில் கிடக்க வேண்டும். நம் சோடாவில் வாயுவைச் சிலிண்டரிலிருந்து ஏற்றிச் சில நிமிடத்தில் வேலை முடிகிறது. ஒற்றுமை வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு தொழிலிலும் பாட்டில் வெடிக்கும். ஷாம்பெயின் நிலவறைகளில் ஒரு காலத்தில் ஆட்கள் இரும்பு முகமூடி போட்டு வேலை செய்தார்கள். நம் சோடாக் கடைகளில் பாட்டிலைக் கம்பிக் கூண்டுக்குள் கவிழ்த்து வைத்துக் கைப்பிடியைச் சுழற்றினார்கள். (அதே பாட்டில் தெருச் சண்டையில் ஆயுதமானது தனிக் கதை. சோடா பாட்டில் வீச்சு என்ற தலைப்பு இல்லாத பத்திரிகை அன்று உண்டா?)

நம் நாட்டில் இந்தப் பானத்துக்கு ‘கலர்’ என்று பெயர். வீட்டுக்கு மாப்பிள்ளை வந்தால், சம்பந்தி வந்தால், பையனிடம் காசைக் கொடுத்து, “ஓடிப் போய் கலர் வாங்கிட்டு வா” என்பார்கள். ஷாம்பெயின் செய்த வேலையை இங்கே கலர் செய்தது. 1937-இல் சேலத்தில் ராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு, பிறகு எங்கும் பரவி, 1971-இல் தளர்த்தப்பட்ட மாநிலம் இது. நல்ல காரியத்துக்கு நுரைக்கும் கோப்பை வேண்டுமென்றால் கலர்தான் கதி. 1950-களின் கடைசியில் காளி மார்க் கொண்டுவந்த பவண்டோ அந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்துகொண்டது. கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவே ஒரு நிறம், திராட்சை வாசம், தொண்டையில் ஒரு உறைப்பு. கோலா என்று அதைச் சொன்னால் பவண்டோக்காரர்கள் ஒப்ப மாட்டார்கள். நானும் ஒப்ப மாட்டேன்.

ருசியால் மட்டும் இத்தனை காலம் நின்றதாக நான் நம்பவில்லை. நிறுத்தியது கண்ணாடி பாட்டில். அன்று பானத்தைவிட பாட்டில் விலை அதிகம். முன்பணம் கட்டிப் பெட்டியை எடுக்கும் கடைக்காரர் காலியைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்த சரக்கு. வாங்குபவரும் கடையிலேயே நின்று குடித்துவிட்டுக் காலியை வைக்க வேண்டும், அல்லது பழகிய முகமாக இருக்க வேண்டும். பாட்டில் வெகுதூரம் போனால் திரும்பாது. அதனால் இந்தத் தொழில் ஊர் ஊராகத்தான் வேரூன்ற முடியும். தென்மாவட்டத்திலிருந்து வந்து பல்லாவரத்திலும் போரூரிலும் நம் ஊரிலும் மளிகைக் கடை போட்ட அண்ணாச்சிமாருக்கு, காளி மார்க் பெட்டி சொந்த ஊரிலிருந்து வந்த உறவு மாதிரி.

சோதனை வெளியிலிருந்து வந்தது. அந்நிய முதலீட்டை 40 சதவீதத்துக்குள் வைக்கச் சொன்ன சட்டத்துக்கு ஒத்துக்கொள்ளாமல் 1977-இல் வெளியேறிய கோக்கோ கோலா, 1993-இல் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் பார்லேயின் தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட் மூன்றையும் வாங்கியது. அதற்குள் பெப்சியும் வந்துவிட்டது. கடைக்காரருக்கு இலவசக் குளிர்ப்பெட்டி கிடைத்தது; அதில் வேறு பானம் வைக்கக் கூடாது என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. பவண்டோ ஐஸ் தொட்டிக்குள் போனது. கடைசி அடுக்குக்குப் போனது. பல ஊர்களில் சின்னச் சின்ன சோடாக் கம்பெனிகள் கண் முன்னே மூடின. காளி மார்க் குடும்பம் மட்டும் சிறு நகரத்தையும் கிராமத்தையும் பிடித்துக்கொண்டு விடவில்லை.

காளி மார்க்குக்கு நூற்றாண்டு முடிந்த சூட்டோடு 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம். அந்நியப் பானம் வேண்டாம் என்று கூட்டத்தில் எழுந்த பேச்சு கடைத்தெருவுக்கு வந்தது. மார்ச் 1 முதல் அந்நியக் குளிர்பானம் விற்பதில்லை என்று வணிகர் அமைப்புகள் அறிவித்தன. நம் கடைகளிலும் குளிர்ப்பெட்டியின் மேல்தட்டு காலியானது. விளம்பரமே இல்லாமல் பவண்டோ அங்கே ஏறியது. அப்பா குடித்ததை மகன் முதல்முறையாகக் குடித்துப் பார்த்தான். அந்த அறிவிப்பு எத்தனை நாள் நின்றது என்று என்னைக் கேட்காதீர்கள், கடைக்காரரைக் கேளுங்கள். ஆனால் அந்தத் தட்டில் ஏறிய பாட்டில் முழுவதும் இறங்கவில்லை.

அதே ஆண்டு ஜூலையில் ஜிஎஸ்டி வந்து, வாயு ஏற்றிய பானத்துக்கு 28 சதவீத வரியும் 12 சதவீதத் தீர்வையும் சேர்ந்து 40 ஆனது. 2025 செப்டம்பரில் பல பொருளுக்கு வரி குறைந்தபோதும் இதற்கு அந்த 40 அப்படியே நின்றது. அமெரிக்கக் கம்பெனிக்கும் விருதுநகர்க் குடும்பத்துக்கும் ஒரே தராசு. 2023 முதல் ரிலையன்ஸ் பழைய கேம்பா கோலாவைத் தூசி தட்டிப் பத்து ரூபாய்க்குக் கொண்டுவந்திருக்கிறது. மூன்று நான்கு தலைமுறை கண்ட குடும்பத்துக்கு இது புதுவகைப் போட்டி, இம்முறை உள்நாட்டுக்காரரிடமிருந்து.

இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக் பாட்டில்தான். குடித்தால் தூக்கிப் போடலாம், யாரும் யாருக்கும் எதையும் திருப்பித் தர வேண்டியதில்லை. சென்ற மாதம் ஓர் அண்ணாச்சி கடையில் பழைய கண்ணாடி பாட்டில் பெட்டி ஒன்றைப் பார்த்தேன். ஒன்று எடுத்துக்கொண்டு, “அண்ணாச்சி, காலியை நாளைக்குத் தரட்டுமா?” என்றேன். நோட்டை எடுத்து என் பெயரை எழுதி, பக்கத்தில் ‘1 காலி’ என்று போட்டுக்கொண்டார்.