சூரியக்கலமும் சேமிப்புக் கலமும்

சூரிய ஒளியை மின்சாரமாக மாற்றும் முயற்சியின் வரலாறு பெரும்பாலும் சூரியக்கலத்தின் வரலாறாகவே எழுதப்படுகின்றது. ஆயின், பகலிற் பெற்ற மின்சாரத்தை இரவுக்கென வைத்திருக்கும் சேமிப்புக் கலத்தை விடுத்து அவ்வரலாற்றை விளங்கிக்கொள்ளல் இயலாது. சட்டைப்பையில் அடங்கும் மின்கலப் பொதியை வெயிலில் மின்னேற்றிக் கைத்தொலைபேசிக்குப் பயன்படுத்தும் இன்றைய வழக்கம் இவ்விரண்டினதும் இணைப்பால் விளைந்ததாகும்.

ஒளி படுவதால் மின்னோட்டம் தோன்றுவதை 1839ஆம் ஆண்டில் எட்மண்ட் பெக்கரல் கண்டறிந்தார். எனினும், பயன்தரு கலமொன்று தோன்ற நூறாண்டுக்கு மேலாயிற்று. அதனைத் தூண்டியதும் மின்கலத்தின் குறைபாடே. ஈரலிப்பான வெப்பவலயப் பிரதேசங்களிலே தொலைபேசிகளுக்குரிய உலர்கலங்கள் விரைவிற் பழுதடைந்தன. மாற்றுவழி தேடிய பெல் ஆய்வுகூடத்து டரில் சேப்பின், கல்வின் புல்லர், ஜெரால்ட் பியர்சன் ஆகியோருடன் இணைந்து 1954ஆம் ஆண்டிற் சிலிக்கன் சூரியக்கலத்தை உருவாக்கினார். அதன் வினைத்திறன் ஏறத்தாழ 6 வீதமாகும்.

1955 ஒக்டோபரில், ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்திலுள்ள அமெரிக்கஸ் என்னும் ஊரில், கிராமியத் தொலைபேசித் தொகுதியொன்றுக்கு இத்தகைய 432 கலங்கள் பொருத்தப்பட்டன. திரான்சிஸ்ரர்களால் இயங்கிய அத்தொகுதிக்குச் சிறிதளவு வலுவே தேவைப்பட்டது. பகலில் எஞ்சிய மின்சாரம் சேமிப்புக் கலங்களில் ஏற்றப்பட்டு இரவில் உதவிற்று. பரிசோதனை பொறியியல் நோக்கில் வெற்றி பெற்றது. ஆயினும் செலவு மிகுதியால் 1956ஆம் ஆண்டிற் கைவிடப்பட்டது.

அச்செலவைத் தாங்கும் துறையாக விண்வெளி ஆய்வு அமைந்தது. 1958 மார்ச்சில் ஏவப்பட்ட வான்கார்ட்-1 செய்ம்மதியில் இரு ஒலிபரப்பிகள் இருந்தன. இரசக்கலத்தால் இயங்கியது சில மாதங்களுள் ஓய்ந்தது. சூரியக்கலத்தால் இயங்கியதோ 1964 வரை ஒலித்தது. 1959இல் ஏவப்பட்ட எக்ஸ்புளோரர்-6இல் சூரியக்கலங்கள் சேமிப்புக் கலங்களை மின்னேற்றின. அமெரிக்கஸில் கைவிடப்பட்ட முறையே அங்கு மீண்டும் கையாளப்பட்டது.

பிற்காலத்திற் சிலிக்கன் கலத்தின் விலை பெரிதும் வீழ்ந்தது. 1991இல் இலிதியம்-அயன் கலம் சந்தைக்கு வந்தபின், குறைந்த நிறையில் மிகுந்த சத்தியைச் சேமித்தல் கைகூடிற்று. அக்கலத்தின் உருவாக்கத்துக்காக குட்இனஃப், விற்றிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

எனவே, 1956ஆம் ஆண்டின் தீர்ப்பு அக்கால விலையைப் பற்றியதேயன்றி அம்முறையின் தகுதியைப் பற்றியதன்று. தொழில்நுட்ப வரலாற்றை ஆராய்வோர் இவ்விரண்டையும் வேறுபடுத்தி நோக்குதல் வேண்டும்.