அடுக்குமாடியில் குப்பையைப் பிரிப்பது கட்டாயமா?

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் இருக்கீங்களா? அப்படின்னா கட்டாயம்தான். 2007-ஆம் ஆண்டு திடக்கழிவுச் சட்டத்தின் (சட்டம் 672) கீழ், 2015 செப்டம்பர் 1 முதல் கோலாலம்பூரில் குப்பையை வீட்டிலேயே பிரிக்க வேண்டும். சிலாங்கூர் அப்போது இந்தச் சட்டத்தில் சேரவில்லை. அதனால் கிள்ளானுக்கு அந்தக் கட்டாயம் வரவில்லை.

ஆனால் எல்லாரும் ஒரே குப்பை அறையில் கொட்டும்போது, பிரிக்காதவர் யார் என்று கண்டுபிடிப்பது கஷ்டம். எனவே கிள்ளானோ பிரிக்பீல்ட்ஸோ, ஜே.எம்.பி. எனும் கூட்டு நிர்வாகத்திடம் லிஃப்ட் அருகே மூன்று தொட்டிகள் கேளுங்க. வாடகைக்கு இருந்தால் வீட்டுக்காரர் மூலம் கேட்கலாம்.

நீலம்: காகிதம்
பழுப்பு: கண்ணாடி
ஆரஞ்சு: பிளாஸ்டிக், அலுமினியம்

குழம்பு ஒட்டிய டப்பாவை அலசிப் போடுங்க. ஒன்று நாறினால் போதும், ‘தொட்டியே வேண்டாம்’னு அக்கம்பக்கத்தில் சொல்லிடுவாங்க.